கோவிச்சுக்குங்க, பரவாயில்ல

எங்கள் தெருவில் எந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தாலும், ஜோசியருக்கும் முன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வருகிற ஆள் ஒருத்தி இருந்தாள். எங்களுக்கு நேர் எதிர்வீடு. நாங்கள் குடிவந்த புதிதில் நான் அவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டேன். "ஆன்ட்டியெல்லாம் வேணாம். அத்தைன்னு கூப்பிடு. இல்லேன்னா ஒண்ணுமே கூப்பிடாதே" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அத்தை.

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டைத் தாண்டி, வயலை மனை போட்டு விற்ற நகர்களில் எங்களுடையதும் ஒன்று. தெருவின் பின்னால் இன்னும் வாய்க்கால் ஓடுகிறது, அதற்கு அந்தப் பக்கம் இன்னும் நடவு நடக்கிறது. தெருவில் நிழல் என்று இருந்தது அத்தை வீட்டு வாசலில் நின்ற புங்கமரம் மட்டும்தான். வெளியூரிலிருந்து வருகிறவன் பைக்கை நிறுத்துவது அங்கேதான். வந்த வினை அதில்தான் ஆரம்பிக்கும்.

எங்கள் பக்கத்தில் அக்கம்பக்கம் விசாரிக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. ஜாதகம் வாட்ஸ்அப்பில் வரும், போட்டோ வரும், சம்பளம் எவ்வளவு என்பது வரை வரும். ஆனாலும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தெருவில் நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்டு, "அந்த வீட்டுக்காரங்க எப்படிங்க?" என்று விசாரித்துவிட்டுப் போக வேண்டும். அப்படி வருகிறவர்கள் புங்கமரத்து நிழலில் நிற்பார்கள். தண்ணீரோடு அத்தை வெளியே வருவாள்.

மற்றவர்கள் மனசில் பட்டதைச் சொல்வதற்கு முன்னால் 'கோவிச்சுக்காதீங்க' என்பார்கள். அத்தை, "கோவிச்சுக்குங்க, பரவாயில்ல" என்று ஆரம்பிப்பாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எதிரே நிற்கிறவர்களுக்கு முகம் இறுகிவிடும். அடுத்து வருவதிலிருந்து தப்பிக்க வழி கிடையாது.

அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. சோபா வாங்கி அதன்மேல் துவைத்த துணியைக் குவித்து வைக்கிற வீட்டுக்கு சோபா எதற்கு என்பாள். பக்கத்து வீட்டுப் பையன் கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்தான். மேலே சட்டையும் கீழே கைலியுமாக அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "பாதி உடம்புதான் வேலைக்குப் போயிருக்கா?" என்று கேட்டாள். பிள்ளையை அபாகஸ், கீபோர்டு, கராத்தே என்று வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த ஒரு தாயிடம், "சும்மா இருக்கறதுக்கு எங்கயாவது கிளாஸ் நடக்குதான்னு பாரும்மா. முதல்ல அதுல சேரு" என்றாள். எங்கள் வீட்டு சாம்பாரில் அம்மா ஒருநாள் வெல்லம் போட்டுவிட்டாள். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதைக் கடைசில பாயசத்துக்குப் பதிலா ஊத்துங்க" என்றாள்.

அவள் அரிசி ஆலை ஒன்றில் அலுவலக வேலை பார்த்தாள். காலையில் அடர்த்தியான நிறத்தில் ஒரு காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். கணவர் இல்லை. ஒரே மகன் கோயம்புத்தூரில். ஆசை என்று அவளுக்கு இருந்தது கல்யாணச் சாப்பாடு ஒன்றில்தான். யார் பத்திரிகை வைத்தாலும் போவாள், முதல் பந்தியில் உட்காருவாள், கடைசி வரை ரசித்துச் சாப்பிடுவாள். கை கழுவின ஈரம் காய்வதற்குள் சமையல்காரரிடமே போய்க் குறைகளைச் சொல்லிவிட்டு வருவாள்.

அவளால் அழுதவர்கள் உண்டு. நானும் அதில் சேர்த்தி. முதல் சம்பளத்தில் ஆசையாக ஒரு மஞ்சள் சுடிதார் எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். "கோவிச்சுக்க, பரவாயில்ல. இந்த மஞ்சள் உனக்கு எடுக்கல. காமாலை வந்த மாதிரி இருக்கே" என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தால் அவள் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பாவும் அம்மாவும் வருஷக்கணக்காக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

ஆரம்பித்தது புதுமனை புகுவிழா அன்று. ஹாலுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதை அம்மாவிடம் விட்டிருந்தார் அப்பா. அம்மா ரோஸ் நிறம் சொல்லியிருந்தாள். விழாவுக்கு அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்த, அப்பா சிரித்துக்கொண்டே, "எல்லாம் இவ ரசனைதான். விட்டா வயலுக்கே ரோஸ் பெயிண்ட் அடிச்சுடுவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவர்கள் போனதோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அப்பா இருந்தார். சரியாகவில்லை. தானாக முதலில் பேசுவதற்கு அவருக்கு மனசு வரவில்லை. நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அன்று முதல் எங்கள் வீட்டுத் தபால்காரி நான்தான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. நான் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." "தண்ணி மோட்டார் ஓடுது." சுவர் பதில் சொல்லாது. ஆனால் சாப்பாடு நடக்கும், மோட்டார் நிற்கும்.

புதுமனை விழாவில் அத்தையும் இருந்தாள். எல்லோரும் சிரித்து முடித்ததும் அப்பாவிடம், "கோவிச்சுக்குங்க, பரவாயில்ல. கலர் எனக்கும் பிடிக்கலதான். ஆனா அதை நீங்க சொல்ல வேண்டியது உங்க வீட்டம்மாகிட்ட. இவங்ககிட்ட இல்ல" என்றாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவள் 'அந்தம்மா' ஆகிவிட்டாள்.

அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்தபோது சொந்தக்காரர்கள் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அப்பா, "உங்கம்மாவைக் கேளு" என்றார். அம்மா, "அவரைக் கேளு" என்றாள். நான் இருவருக்கும் நடுவில் நடந்து நடந்து அலுத்தேன். நாளும் தாண்டிப்போனது. அத்தை ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்று இருவர் காதிலும் விழுகிற மாதிரி, "பேசிக்காம மாலை மட்டும் மாத்திக்கிட்டா சாமிக்கே சங்கடமா இருந்திருக்கும். போகாதது நல்லதுதான்" என்றாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குக் குடவாசலிலிருந்து ஒரு வரன் வந்தது. நெல் விளைகிற நிலம் உள்ள குடும்பம், மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை. நானும் தினமும் திருச்சிக்குப் போய்வந்து ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். பெரியவர்கள் சம்மதத்தோடு போனில் பேசினோம். "வேலை முடிஞ்சு வர லேட்டானா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "சோறு வடிச்சுடுவேன். குழம்புக்கு என்னை நம்பாதீங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் வேலையை எப்போது விடுவாய் என்று கேட்டவர்கள். இது கைநழுவிப் போய்விடக்கூடாதே என்று நான் வேண்டாத சாமியில்லை.

பிறகுதான் சேதி வந்தது, மாப்பிள்ளையின் தாய்மாமா விசாரிக்க வருகிறார் என்று. என்றைக்கு என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பயமெல்லாம் எதிர்வீட்டைப் பற்றித்தான். காரணம், கோடிவீட்டு சம்பந்தம். எங்கள் தெருக் கடைசியில் இருந்த அந்த வீட்டுப் பெண்ணுக்கு எல்லாம் பேசி முடித்த நிலையில், விசாரிக்க வந்தவர்கள் அத்தையிடம் பேசிவிட்டுப் போனார்கள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. போய்க் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. கேட்டால் நம்மைப் பற்றியும் சொல்வாளே. இப்போது எங்கள் முறை. தாயும் தகப்பனும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

"வந்தா நாங்க பேசிக்கிற மாதிரி இருக்கணும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன்.

"அவரை முதல்ல ஆரம்பிக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"நான் 'மல்லிகா, காபி கொண்டா'ன்னு சொல்லுவேன். அவ 'இதோ கொண்டாரேங்க'ன்னு சொன்னாப் போதும்."

"இப்ப ஒரு தடவை சொல்லிப் பாக்கச் சொல்லு."

அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நாடகம் ஒத்திகை இல்லாமலே நடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அம்மா என்னை எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, யாராவது வந்து கேட்டா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். "சும்மா இருக்கறது ரொம்பக் கெடுதல், சுதா. அதை மட்டும் கேக்காதே" என்றாள். எனக்கு அந்தக் கீரையை அப்படியே அள்ளி வாய்க்காலில் வீசலாம் போல வந்தது.

அவர்கள் வந்தது வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பைக் புங்கமரத்தடியில் நின்றது. வேட்டி கட்டிய ஒருவர், பின்னால் அவர் மனைவி. நான் ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்த்தேன். என் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் அம்மா. அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தை தலையை ஆட்டினாள், மறுபடி ஆட்டினாள். அப்பாவின் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து எங்கள் வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். அவர்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் வந்தார்கள். விசாரிக்க வந்தவர்கள் விசாரிக்கிற வீட்டுக்குள்ளேயே வருவதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

"இவங்க மாப்பிள்ளையோட மாமாவாம். உங்களைப் பத்தி என்கிட்டக் கேக்கறாங்க. ஆள் இல்லாத இடத்துல நான் எதுவும் சொல்றதில்ல. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றபடி அத்தை ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர்களையும் உட்காரச் சொன்னாள்.

"கோவிச்சுக்குங்க, பரவாயில்ல. பொண்ணுக்குச் சமையல் சுமார். காபி நல்லாப் போடுவா. கோவம் வந்தா கதவை அறைஞ்சு சாத்துவா, என் வீடு வரைக்கும் கேக்கும். வேலையை விடச் சொன்னா விடமாட்டா, விடவும் கூடாது. உள்ள ஒண்ணு வெளில ஒண்ணு பேசத் தெரியாது. இவரு குடிக்க மாட்டாரு, யாரையும் ஏமாத்த மாட்டாரு. டிவி சத்தம்தான் தாங்க முடியாது. இவங்க கெட்டிக்காரி, நல்ல மனசு. பிடிவாதம் பிடிச்சா மலை நகந்தாலும் இவங்க நகர மாட்டாங்க."

இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

"இன்னொண்ணு. இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்ல. பல வருஷமா. இந்த வீட்டுல குறைன்னா அது ஒண்ணுதான்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அவர் மனைவி ரோஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மறுக்கலாம். ஒரு வரிதான், பேசி வைத்த வரி. அப்பா அம்மா பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். அம்மா தலை நிமிர்ந்து காத்திருந்தாள். நான் மனசுக்குள், சொல்லுங்கப்பா, மல்லிகான்னு மட்டுமாவது சொல்லுங்க என்று கெஞ்சினேன்.

அப்பா என் பக்கம் திரும்பி, "சுதா, உங்கம்மாவைக் காபி கொண்டாரச் சொல்லு" என்றார்.

காபி வந்தது. எல்லோரும் குடித்தார்கள். அத்தை டம்ளரை வைத்துவிட்டு, "இது அம்மா போட்டது. பொண்ணு போட்டா இதைவிட நல்லாருக்கும்" என்றாள். மாமா எழுந்து, "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்பறோங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அத்தையும் அவர்களோடேயே போய்விட்டாள். அத்தையை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன்.

"பாத்தியா, அந்தம்மாவோட திமிரை?" என்றார் அப்பா.

"பாத்தேம்ப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"நடுவீட்டுல உக்காந்துகிட்டுல்ல சொல்லிட்டுப் போறா" என்றாள் அம்மா.

"என்ன தைரியம் இருந்தா..."

"காபியையும் குடிச்சுட்டு."

"அதுலயும் ஒரு நொட்டை சொல்லிட்டு."

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க? வெளில போங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

நான் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அவர்களுடைய வார்த்தைகள் என்னைத் தொடாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தன. சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதேன். வரன் போன துக்கமா, இது என்ன என்று எனக்கே தெரியவில்லை. ஹாலில் அவர்கள் மதியம் வரை அத்தையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சில நாள் கழித்து மாமா போன் செய்து, மேற்கொண்டு பேசலாம் என்றார். முடிவு செய்தது அவர் மனைவி என்று பின்னால் தெரிந்தது. "பேசிக்காத வீடு ஊருல எத்தனை இல்ல? நம்ம வீட்டுல இல்லையா? அந்தம்மா அதைச் சொன்ன பிறகு மறைக்க அவங்ககிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டாளாம்.

கல்யாணம் குடவாசலில் என்று முடிவானது. யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் சண்டையில்லாமல் ஒத்துப்போனது ஒன்றே ஒன்றில்: எதிர்வீட்டுக்குக் கிடையாது.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பத்திரிகையைத் துப்பட்டாவுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனேன். அத்தை அதைக் கையில் வாங்கவில்லை.

"வேணாம். நான் அங்க வந்து நின்னா உங்கப்பாவும் உங்கம்மாவும் என்னோட சமாதானம் ஆகணும். ஆயிட்டா அப்புறம் அவங்களுக்குப் பேச என்ன இருக்கு? நீயும் போயிடுவே."

அவள் வீட்டு ஜன்னல் வரை எங்கள் ஹாலில் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. தன்னைத் திட்டியது முழுவதும் கேட்டிருக்கிறது.

"கோடிவீட்டு சம்பந்தத்துல என்ன சொன்னீங்க அத்தை?" என்று கேட்டேன். இவ்வளவு நாளாகக் கேட்கப் பயந்த கேள்வி.

"ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு அந்த வீடு பூட்டியிருந்துச்சு. ஆள் இல்லாம எப்படிச் சொல்றது? எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்கன்னேன். வாயைத் திறந்து சொல்ல முடியாத அளவுக்கு ஏதோ இருக்குன்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல பொண்ணு அது. இன்னும் மனசு ஆறல எனக்கு."

நான் கிளம்பும்போது கூப்பிட்டாள். "சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் வந்து சொல்லு. பொய் சொல்லாம சொல்லணும்."

மறுவீட்டுக்கு வந்தபோது, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே போனேன். வத்தக்குழம்பு பிரமாதம், ரசத்தில் உப்புக் கூடுதல், பால் பாயசம் அடிப்பிடித்திருந்தது என்றேன். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக் கேட்டாள். அவள் வந்திருக்க வேண்டிய பந்தி அது.

அதற்குப் பிறகு அம்மா போன் செய்யும்போதெல்லாம் அத்தையைப் பற்றித்தான் பேச்சு. வாசலில் நின்று டிவியைக் குறைக்கச் சொன்னாள், கோலம் கோணல் என்றாள், அப்பா வாங்கின புதுச் சட்டையைப் பார்த்து பள்ளிக்கூட யூனிபார்மா என்று கேட்டாள். "உங்கப்பாவுக்கு வந்துச்சு பாரு கோவம். என்கிட்ட ஒரு மணி நேரம் புலம்பறாரு" என்பாள் அம்மா. எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். அத்தை வேண்டுமென்றே செய்கிறாளா, சுபாவமே அதுதானா என்று எனக்கு இன்று வரை நிச்சயமில்லை. எங்கள் வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கூட அப்புறம் போகவில்லை.

போன மாதம் அத்தை வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். மகன் வந்து கூட்டிக்கொண்டு போனதாக அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு வரி என்னை என்னவோ செய்தது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போன் செய்யவே பயமாக இருந்தது. 'உங்கப்பாகிட்டச் சொல்லு' என்று அம்மா மறுபடி ஆரம்பித்துவிட்டால், திருச்சியிலிருந்து நான் என்ன செய்வேன்?

நேற்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு கூப்பிட்டேன்.

"எதிர்வீட்டுக்குப் புதுசா வந்தவங்க பெயிண்ட் அடிக்கறாங்க. ரோஸ் கலரு. நம்ம ஹால் மாதிரியே" என்றாள் அம்மா.

"ரோஸா?" என்றேன்.

"உங்கப்பா காலைலேர்ந்து வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. அந்தம்மா இருந்தா இதுக்கு என்ன சொல்லியிருக்கும்னு கேட்டாரு. நல்லால்லன்னுதான் சொல்லியிருப்பா, வேற என்ன சொல்லுவான்னேன்."

"அப்புறம்?"

"உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு மல்லிகான்னாரு."